அமைதியான சுபாவம் என்றால் கணக்கு வேலைதானா?

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து 27 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: “சின்ன வயதிலிருந்தே நான் அதிகம் பேசமாட்டேன். ‘இவளுக்குக் கணக்கு வேலைதான் சரி’ என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் கணக்கியல் படித்து, ஏழு ஆண்டுகளாக ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மாதக் கடைசி நெருங்கினாலே வயிற்றைக் கலக்குகிறது. ஆனால், சனிக்கிழமைகளில் சமூக மன்றத்தில் நான்கு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும்போது களைப்பே தெரிவதில்லை. பாலர் பள்ளி ஆசிரியராகலாமா என்று யோசிக்கிறேன். இணையத்தில் ஆளுமைச் சோதனை செய்து பார்த்தேன். அகமுகி என்று வந்தது. அப்படியென்றால் அந்த வேலை எனக்கு ஒத்துவராதா?”

ஒத்துவராது என்று அந்தச் சோதனை சொல்லவில்லை, அம்மா. அது நீங்களாகச் சேர்த்துக்கொண்டது. அகமுகி என்றால் மனிதர்களைப் பிடிக்காதவர் என்று பொருளில்லை. கூட்டமும் சத்தமும் நெடுநேரம் நீடித்தால் சீக்கிரம் களைத்துப்போவார். கொஞ்ச நேரம் தனியாக இருந்தால் தெம்பு திரும்பிவிடும். நான்கு பிள்ளைகளோடு ஒரு மேசையைச் சுற்றி உட்காருவது அமைதியான பலருக்கு மிகவும் பிடித்த வேலை.

ஆளைப் பதினாறு வகைகளில் ஒன்றாகச் சொல்லும், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சோதனைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு குணத்திலும் நூற்றுக்கு 51 வந்தால் ஒரு பக்கம், 49 வந்தால் மறுபக்கம் என்று அவை ஆளை இரண்டாகப் பிரித்துவிடும். உண்மையில் நம்மில் பெரும்பாலோர் நடுவில்தான் இருக்கிறோம். அதனால்தான் சில வாரங்கள் கழித்து அதே சோதனையைச் செய்தால் பலருக்கு வேறு வகை வருகிறது. ஒரு மாலைப்பொழுதுக்குச் சுவாரசியம்தான், ஆனால் அதை நம்பி வேலையை விடாதீர்கள்.

எனக்கு அதிகம் பயன்பட்டது அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959இல் முன்வைத்த ஆறு பிரிவுகள். கையால் செய்யும் வேலை, ஆராய்ந்து பார்ப்பது, கலை, பிறருக்கு உதவுவதும் கற்பிப்பதும், பிறரை இணங்கவைத்து நடத்திச் செல்வது, ஒழுங்காகப் பதிந்து வைப்பது. இவற்றில் எதன்மீது உங்களுக்கு நாட்டம் என்பதே கேள்வி. எவ்வளவு பேசுவீர்கள் என்பது இதில் வரவே இல்லை பாருங்கள். உங்கள் வீட்டார் அளந்தது பேச்சை. நாட்டத்தை யாரும் கேட்கவில்லை. அரசாங்கத்தின் திறன் பயிற்சித் தளமான மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் இணையவாசலில் நாட்டத்தையும், வேலையில் நீங்கள் மதிப்பவற்றையும் கண்டறியும் கேள்விகள் இலவசமாகவே உள்ளன. ஒருநாள் நிதானமாகச் செய்து பாருங்கள்.

ஆனால், எந்தச் சோதனையையும்விட எனக்கு நம்பிக்கை உள்ளது ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில்தான். ஒரு வேலையின் பெயரைப் பார்க்காதீர்கள், அதில் ஒரு செவ்வாய்க்கிழமை எப்படிப் போகிறது என்று பாருங்கள். அந்த வேலையில் இருப்பவரிடம் “வேலை பிடித்திருக்கிறதா?” என்று கேட்டால், “பரவாயில்லை” என்ற பதில்தான் வரும். “நேற்றுக் காலை எட்டு மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? பத்து மணிக்கு?” என்று கேளுங்கள்.

பாலர் பள்ளி ஆசிரியை ஒருவரிடம் நான் அப்படித்தான் கேட்டேன். காலை ஏழு மணிக்கே பிள்ளைகள் வரத் தொடங்குகிறார்கள். ஒன்று அம்மாவின் கையை விடாமல் அழுகிறது, இன்னொன்று பால் கொட்டிய சட்டையோடு நிற்கிறது. பிறகு மதியம்வரை பாட்டு, கதை, ஓட்டம், கழிவறை, ஓய்வே கிடையாது. மதியச் சாப்பாடு முடிந்ததும் மெத்தைகளை விரித்து விளக்கைக் குறைப்பார்கள். பிள்ளைகள் தூங்கும் நேரத்தில், ஒவ்வொரு பிள்ளையும் அன்று என்ன செய்தது, என்ன சொன்னது என்று அவர் குறிப்பெழுதுவார். “எனக்கு அந்த நேரம் போதும்” என்றார். அவரும் அதிகம் பேசாதவர்தான். உங்களுக்கும் அது போதுமா என்பதை எந்தச் சோதனையும் சொல்லாது. விடுப்பு எடுத்து, ஒரு பள்ளியில் அனுமதி கேட்டு, ஒரு முழு நாள் உட்கார்ந்து பாருங்கள். சனிக்கிழமை இரண்டு மணி நேரம் வேறு, வாரத்துக்கு ஐந்து நாள் வேறு.

அதற்கு முன்னால் ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் திரும்பும்போது இரண்டு வரி மட்டும்: இன்று நேரம் போனதே தெரியாமல் செய்தது எது, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்தது எது. மாதக் கடைசியும் அடங்கும்படி ஒரு மாதம் எழுதுங்கள். என்னிடம் வந்த இளையர் ஒருவர் கணக்கு வேலையே வேண்டாம் என்றுதான் வந்தார். அவருடைய நோட்டைப் புரட்டினால், கணக்கைப் பற்றி ஒரு குறையும் இல்லை. இரவு ஒன்பது மணிக்கு மேலதிகாரி அனுப்பும் வாட்ஸ்அப் செய்திதான் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. இடத்தை மாற்றினார், தொழிலை மாற்றவில்லை. உங்கள் வயிற்றுக் கலக்கம் எண்களாலா, கெடுவாலா, ஆளாலா? அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவெடுங்கள்.

மாறுவதுதான் சரி என்று தெரிந்தால், பணத்தை முன்கூட்டியே திட்டமிடுங்கள். 25 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு 2016 முதல் வழங்கப்படும் 500 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகையைக் குறுகிய பயிற்சி வகுப்பு ஒன்றுக்குப் பயன்படுத்தலாம். வேலையில் சேர்ந்து, சம்பளத்தோடு பயிற்சி பெறும் தொழில் மாற்றுத் திட்டங்களைப் பற்றி வேலைவாய்ப்புக்கு உதவும் அரசாங்க அமைப்பான ஊழியரணி சிங்கப்பூரிடம் கேளுங்கள். தொடக்கச் சம்பளம் இப்போதையதைவிடக் குறையக்கூடும். அந்தக் குறைந்த தொகையில் மூன்று மாதம் குடும்பம் நடத்திப் பார்த்து, மிச்சத்தைச் சேமிப்பில் போடுங்கள்.

வீட்டில் எப்படிச் சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தின் வரிகளுக்கிடையே அதுவும் இருக்கிறது. ராஜினாமாக் கடிதத்தோடு போகாதீர்கள். ஒரு சனிக்கிழமை அம்மாவைச் சமூக மன்றத்துக்கு அழைத்துப் போய், அந்த நான்கு பிள்ளைகளோடு நீங்கள் இருப்பதைப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.