டெஸ்க்டாப்பில் மட்டும் வராத மென்பொருள்

அன்புள்ள சார்,

வணக்கம். எங்கள் அலுவலகத்தில் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் கான்ஃபிகரேஷன் மேனேஜரில் (பல கம்ப்யூட்டர்களை ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்) ஒரே டாஸ்க் சீக்வென்ஸ், அதாவது வரிசையாக ஓடும் ஸ்டெப்புகளின் பட்டியல், வைத்துத்தான் விண்டோஸ் ஏற்றுகிறோம். முதலில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு ஸ்டெப், ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் ஒரு கண்டிஷன் என்று போட்டிருந்தேன். பட்டியல் நீண்டுகொண்டே போனதால், மென்பொருள்களின் பெயர்களை எண்ணிட்ட வேரியபிள்களில் வைத்து ஒரே ஸ்டெப்பில் நிறுவும் டைனமிக் வேரியபிள் முறைக்கு மாறினேன். ஆப்01 ஆபீஸ், ஆப்02 பிடிஎஃப் ரீடர், ஆப்03 லேப்டாப்புக்கு மட்டும் விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்கில் சேர), ஆப்04 கணக்கு மென்பொருள். லேப்டாப்புகளில் நான்கும் ஒழுங்காக வருகின்றன. டெஸ்க்டாப்புகளில் கணக்கு மென்பொருள் வருவதில்லை. எரரும் காட்டுவதில்லை. ஆனால் ஒன்றிரண்டு டெஸ்க்டாப்புகளில் விபிஎன், கணக்கு மென்பொருள் இரண்டுமே வந்துவிடுகின்றன! லேப்டாப்பா என்று அறிய, பேட்டரி இருக்கிறதா என்று டபிள்யூஎம்ஐயில் (கம்ப்யூட்டரின் விவரங்களை விண்டோஸ் எடுத்துத் தரும் இடம்) பார்க்கிறேன். பேசாமல் பழைய முறைக்கே போய்விடலாமா?

அன்புடன்,
செ.

அன்புள்ள செ.,

போக வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. நீங்கள் தனித்தனியாகச் சொன்ன இரண்டு கோளாறும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

இன்ஸ்டால் அப்ளிகேஷன் ஸ்டெப்பில் ‘ஆப்’ என்று அடிப்படைப் பெயர் மட்டும் கொடுத்திருக்கிறீர்கள். அது ஆப்01 இருக்கிறதா என்று பார்க்கும், நிறுவும். ஆப்02 பார்க்கும், நிறுவும். எந்த எண்ணில் ஒன்றும் இல்லையோ அங்கே பட்டியல் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு நின்றுவிடும். டெஸ்க்டாப்பில் விபிஎன் கண்டிஷன் பொய்யானதால் ஆப்03 உருவாகவே இல்லை. 02க்குப் பிறகு வெற்றிடம். ஆப்04 பத்திரமாக இருந்தும் அதை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்த ஸ்டெப்பைப் பொறுத்தவரை கொடுத்த பட்டியலை முழுதாக முடித்துவிட்டது, அதனால்தான் எரர் இல்லை. இதே காரணத்தால்தான் பூஜ்யத்தை விட்டுவிட்டு ஆப்1 என்று எழுதினாலும் ஒன்றும் நடக்காது, அது தேடும் ஆப்01 அங்கே இருக்காது.

சரி, அந்த ஒன்றிரண்டு டெஸ்க்டாப்புகள்? அவற்றின் யுபிஎஸ்ஸிலிருந்து யுஎஸ்பி வயர் கம்ப்யூட்டருக்குப் போகிறதா என்று பாருங்கள். அப்படி இணைத்த யுபிஎஸ்ஸை விண்டோஸ் பேட்டரியாகவே காட்டக்கூடும். பேட்டரி இருக்கிறது, ஆகவே லேப்டாப், ஆகவே ஆப்03 உருவாகிறது. 03 உருவானதும் வெற்றிடம் அடைபட்டு, 04ம் கூடவே வந்துவிடுகிறது. ஒரு தப்பு இன்னொரு தப்பை மறைத்துவிட்டது. இந்தக் கம்ப்யூட்டர்களில் மட்டும் சோதித்திருந்தால் கணக்கு மென்பொருள் நன்றாகத்தான் வருகிறது என்று முடிவு கட்டியிருப்பீர்கள்.

03ஐயும் 04ஐயும் இடம் மாற்றிவிட்டால் போதுமே என்று தோன்றும். போதும், இரண்டாவதாக ஒரு நிபந்தனை மென்பொருள் வரும்வரை. அது வந்த அன்றைக்கு மறுபடி இதே கதைதான். எண்ணை நீங்கள் கையால் எழுதுகிறவரை இது தீராது. ஸ்கிரிப்ட் எழுதட்டும். விண்டோஸின் கட்டளை மொழியான பவர்ஷெல்லில் ஒரு ஸ்கிரிப்ட், அதில் ஒரு கவுன்ட்டர். எல்லோருக்கும் உரியவற்றை முதலில் சேர்க்கும். பிறகு லேப்டாப்பா என்று பார்த்து ஆமென்றால் கவுன்ட்டரை ஒன்று கூட்டி விபிஎன்னைச் சேர்க்கும். இல்லையென்றால் கவுன்ட்டரைத் தொடாமல் அடுத்ததற்குப் போகும். அடுத்து வருவது எதுவானாலும் அதற்கு அடுத்த எண்தான் கிடைக்கும், இடைவெளி விழ வழியே இல்லை. இப்படிச் சேர்ந்ததை டாஸ்க் சீக்வென்ஸின் என்விரான்மென்ட் ஆப்ஜெக்ட் (ஸ்கிரிப்ட் அதன் வேரியபிள்களைத் தொடும் வழி) வழியாக வேரியபிள்களாக எழுதிவிடலாம். எண்ணை இரண்டு இலக்கமாக ஃபார்மேட் செய்ய மறக்காதீர்கள்.

ஸ்கிரிப்டே வேண்டாம் என்றால் லேப்டாப்புக்கு மட்டும் லேப்01, லேப்02 என்று தனி அடிப்படைப் பெயரும் தனி இன்ஸ்டால் ஸ்டெப்பும் வைக்கலாம். நிபந்தனை ஒன்றிரண்டுதான் என்றால் அதுவே தாராளம்.

லேப்டாப்பைக் கண்டுபிடிக்கப் பேட்டரியை விட்டுவிட்டு சேஸிஸ் டைப்பை, அதாவது கம்ப்யூட்டரின் உடல் எந்த வகை என்று சொல்லும் எண்ணைப் பாருங்கள். 8, 9, 10, 14 வந்தால் லேப்டாப் வகை. திரையை மடக்கித் திருப்பும் ரகத்துக்கு 31, தனியே கழற்றும் ரகத்துக்கு 32. பழைய ஸ்கிரிப்ட்டை எங்கிருந்தாவது எடுத்தீர்களானால் இந்தக் கடைசி இரண்டும் அதில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதை ஸ்டெப்பின் கண்டிஷனிலேயே டபிள்யூஎம்ஐ க்வெரியாக எழுதப் பார்க்காதீர்கள். அந்த மதிப்பு ஒற்றை எண் இல்லை, அரே, அதாவது எண்களின் பட்டியல். க்வெரி மொழிக்கு அரேவுக்குள் தேடத் தெரியாது. இதற்கும் ஸ்கிரிப்ட்தான். ஹைப்பர்-வி விர்ச்சுவல் மெஷினில் (மைக்ரோசாஃப்ட் மென்பொருள் உருவாக்கும் போலிக் கம்ப்யூட்டர்) 3 என்று வரும், அதாவது டெஸ்க்டாப். சோதனையை அதில் மட்டும் செய்கிறவர்களுக்கு லேப்டாப் கிளை ஓடவே ஓடாது.

மாடல் பெயரை வைத்துப் பிரிக்கும் எண்ணம் வந்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களில் மாடல் என்ற இடத்தில் நமக்குத் தெரிந்த பெயரே இருக்கும். லெனோவோவில் அங்கே 20 என்று தொடங்கும் ஒரு குறியீட்டைத்தான் அடிக்கடி பார்க்கலாம். திங்க்பேட் இன்னது என்ற பெயர் வேண்டுமானால் டபிள்யூஎம்ஐயில் கம்ப்யூட்டர் சிஸ்டம் ப்ராடக்ட் என்ற வகுப்பில் வெர்ஷன் என்ற இடத்தில் தேட வேண்டும். ஏன் வெர்ஷனில் போய் வைத்தார்களோ!

ஸ்கிரிப்ட்டை எங்கே வைப்பது? புதிய விண்டோஸ் எழுந்து, கான்ஃபிகரேஷன் மேனேஜர் கிளையன்ட் ஏறிய பிறகு, இன்ஸ்டால் ஸ்டெப்புக்குச் சற்று முன்னால். விண்டோஸ் பிஇயிலும் (நிறுவும் வேலைக்காக முதலில் எழும் சிறு விண்டோஸ்) ஓட்டலாம், ஆனால் அதற்கு அதன் பூட் இமேஜ் கோப்பில் பவர்ஷெல்லைத் தனியாகச் சேர்க்க வேண்டும். அப்புறம், ஒவ்வொரு மென்பொருளின் பண்புகளிலும் டாஸ்க் சீக்வென்ஸ் வழியாக நிறுவ அனுமதிக்கும் பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவும் மென்பொருள் தானாக ரீஸ்டார்ட் செய்யவும் கூடாது. ரீஸ்டார்ட் தேவையென்றால் 3010 என்ற குறியீட்டைத் திருப்பித் தந்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். மீதியை டாஸ்க் சீக்வென்ஸ் பார்த்துக்கொள்ளும்.

உங்கள் பழைய முறையில் முடிவுகள் பல ஸ்டெப்புகளின் ஆப்ஷன்ஸ் டேபுக்குள் ஒளிந்து கிடந்தன. ஒரு கம்ப்யூட்டருக்கு ஏன் விபிஎன் போனது என்று யாராவது கேட்டால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். புதிய முறையில் முடிவெடுக்கும் இடம் ஒன்று, நிறுவும் இடம் ஒன்று. ஸ்கிரிப்ட்டின் கடைசியில் இரண்டு வரி சேர்த்து, சேஸிஸ் எண் என்ன, எந்த எண்ணில் எந்த மென்பொருள் என்பதை ஒரு கோப்பில் எழுதி வைத்துவிடுங்கள். எரரே வராத கோளாறுக்கு டாஸ்க் சீக்வென்ஸின் சொந்த லாகில் தடயம் தேடுவது பெரும்பாடு.

கடைசியாக ஒரு சந்தேகம். கணக்கு மென்பொருள் எல்லோருக்குமா, கணக்குப் பிரிவினருக்கு மட்டுமா? நீங்கள் எழுதவில்லை. பிரிவினருக்கு மட்டும் என்றால் அதை இந்தப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவேன். விபிஎன் தேவையா என்பதைக் கம்ப்யூட்டரைப் பார்த்தே சொல்லிவிடலாம். அதில் யார் உட்காரப்போகிறார்கள் என்பது விண்டோஸ் ஏறும் நேரத்தில் அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. தெரிந்தாலும் அடுத்த மாதம் மாறிவிடும். கான்ஃபிகரேஷன் மேனேஜரில் அந்தப் பிரிவினருக்கு ஒரு யூசர் கலெக்‌ஷன் (பயனர் குழு) உருவாக்கி அதற்கு டிப்ளாய் செய்துவிடுங்கள். அவர்கள் லாகின் செய்த பிறகு தானாக வந்து சேரும்.