மருத்துவப் பணியும் அரசுக் கொள்கையும்: கேள்வி பதில்

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவராகவும், பின்னர் சென்னையில் பொது சுகாதாரத் திட்டமிடலிலும் பணியாற்றியவன் என்ற முறையில், இரண்டையும் இணைப்பது பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறேன்.

டாக்டர், நான் எம்பிபிஎஸ் இறுதியாண்டு மாணவி. கொள்கை வகுப்பதில் ஆர்வம் இருந்தால் மருத்துவத்தைக் கைவிட வேண்டுமா? (கீழ்ப்பாக்கம்)

வேண்டியதில்லை. 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, சட்ட மேலவைக்குச் சென்று தேவதாசி முறை ஒழிப்புக்காக வாதாடினார். பல ஆண்டுகள் கழித்து 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையும் உருவாக்கினார். ஆனால் ஹவுஸ் சர்ஜனாக இருக்கும் ஓராண்டில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். கிடைக்கும் நேரத்தில் தூங்குங்கள்.

கொள்கை என்பது கோட்டையில் இருப்பவர்களின் வேலையல்லவா சார்? செவிலியருக்கு அதில் என்ன இடம்? (தாம்பரம்)

அரசாணை கோட்டையில் பிறக்கிறது என்பது உண்மைதான். அது நடைமுறையில் எங்கே இடறுகிறது என்பது முதலில் உங்கள் பதிவேட்டில்தான் தெரியும். நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தபோது, சர்க்கரை நோயாளிகள் பலரின் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கும். அது அவர்களுடைய அலட்சியம் என்றே நானும் முடிவுகட்டியிருந்தேன். எங்கள் செவிலியர் ஒருவர் அந்தப் பெயர்களை மட்டும் தனித்தாளில் எழுதி, ஒவ்வொருவரும் என்ன வேலை செய்கிறார் என்று விசாரித்துப் பக்கத்தில் குறித்துக் கொண்டுவந்து வைத்தார். பெரும்பாலோர் நாள்கூலிக்குச் செல்பவர்கள். மாத்திரை வாங்க வந்தால் அன்றைய கூலி போய்விடும். 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கி, இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்குமான மாத்திரைகள் வீட்டுக்கே சென்றபோது, எனக்கு அந்தத் தாள்தான் நினைவுக்கு வந்தது. அதை மேலிடத்துக்கு அனுப்பாமல் மேசை இழுப்பறையிலேயே வைத்திருந்தவன் நான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மருந்தாளுநருக்கு? (அம்பத்தூர்)

1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் செயல்முறையைப் படியுங்கள். அது மாநிலம் முழுமைக்குமான மருந்துகளை டெண்டர் மூலம் மொத்தமாக வாங்கி, மாதிரிகளை ஆய்வகத்தில் சோதித்து, மாவட்டக் கிடங்குகளிலிருந்து வழங்குகிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒதுக்கப்பட்ட தொகையும், எடுத்த மருந்துகளும், வங்கிக் கணக்கைப் போலவே ஒரு பாஸ்புக்கில் பதிவாகின்றன. மருத்துவர்களில் பலர் இதைக் கொள்கை என்றே எண்ணுவதில்லை. என்னைக் கேட்டால், நோயாளியின் கைக்கு மாத்திரை போய்ச் சேரும் வழியைவிடப் பெரிய சுகாதாரக் கொள்கை வேறில்லை.

எதை வாசிப்பது, எங்கே படிப்பது? (வேளச்சேரி)

சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை எண் 19இன்போது, அதாவது சுகாதாரத் துறைக்கான நிதி ஒதுக்கீட்டை விவாதிக்கும்போது, வைக்கப்படும் சுகாதாரத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பை, சென்ற ஆண்டின் குறிப்போடு அடுத்தடுத்து வைத்து வாசியுங்கள்; எந்தத் திட்டம் சத்தமின்றி மறைந்தது என்பது புரியும். படிப்பென்றால், சமூக மருத்துவத்தில் எம்டி உண்டு. அயப்பாக்கத்திலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தில் பொது சுகாதார முதுநிலைப் படிப்பும் உண்டு.

அரசுப் பணியில் இருந்துகொண்டே பத்திரிகையில் விமர்சனம் எழுதலாமா? (பெரம்பூர்)

1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் அதைக் கட்டுப்படுத்துகின்றன; முதலில் அவற்றை முழுமையாக வாசித்துவிடுங்கள். குறையைக் கணக்காக எழுதி, உரிய வழியில் மேலதிகாரிக்கு அனுப்புவதற்குத் தடையில்லை. எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேர் மருந்தின்றித் திரும்பினர், எந்தெந்த நாள்களில் என்று ஒரே பக்கத்தில் எழுதி அனுப்பிவிட்டு, தேதியிட்ட நகல் ஒன்றை மட்டும் இழுப்பறையில் வைத்துக்கொள்ளுங்கள்.