இலாஸ்டிக் டேப் ஒட்டினால் வலு கூடுமா? இயன்மருத்துவர் பதில்கள்

சுதந்திர சதுக்கத்தில் காலையில் ஓடுகிறேன். உடன் ஓடுகிறவர்கள் பலர் தொடையிலும் கெண்டைக்காலிலும் வண்ண டேப் ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். அதனால் வேகம் கூடுமா?
– பம்பலப்பிட்டி வாசகர்

கூடாது. ஜப்பானியரான கென்சோ காசே 1970களில் உருவாக்கிய டேப் இது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் கடற்கரைக் கரப்பந்தாட்ட வீராங்கனை கெரி வால்ஷின் தோளில் பார்த்த பிறகுதான் ஊர் உலகமெல்லாம் இதைக் கேட்கத் தொடங்கியது. இதில் இருப்பது பருத்தித் துணியும் பசையும்தான்; மருந்து எதுவும் கிடையாது.

தசைக்கு வலுவூட்டும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். ஹொங்கொங் ஆய்வாளர்கள் அதை அழகாகச் சோதித்தார்கள். இந்த டேப்பைப் பற்றி ஒன்றும் அறியாதவர்களை அழைத்து, "தசையின் இயக்கத்தை அளக்கும் கருவி" என்று சொல்லி முன்தொடையில் ஒட்டினார்கள். இழுத்து ஒட்டியபோதும், இழுக்காமல் ஒட்டியபோதும், ஒட்டாதபோதும் கால் நீட்டும் வலு ஒன்றாகவே இருந்தது. 2015இல் வெளியான ஆய்வு அது. ஆக, ஒட்டியதும் வலு கூடியதாகத் தோன்றினால், அதில் பெரும்பங்கு நம்பிக்கையுடையது. டேப்புக்குச் செலவிடும் பணத்தை நல்ல சப்பாத்துக்குச் சேர்த்து வையுங்கள்.

கரப்பந்தாட்டம் விளையாடுகிறேன். படி இறங்கும்போது முழங்கால் சில்லைச் சுற்றி வலிக்கிறது. டேப் ஒட்டினால் குறைகிறது. இது உண்மையா, பிரமையா?
– கொட்டாஞ்சேனை வாசகர்

வலி குறைவது உண்மைதான். அடிபட்ட இடத்தைக் கை தானாகத் தடவுகிறதல்லவா? தோலின் தொடுவுணர்வு, முள்ளந்தண்டு வடத்திலேயே வலிச் செய்தியை ஓரளவு மட்டுப்படுத்துகிறது. மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் 1965இல் முன்வைத்த விளக்கம் இது. டேப்பும் இப்படி வேலை செய்யக்கூடும். ஆனால் ஆய்வுகளில் தெரியும் நிவாரணம் சிறியது, சில நாட்களுக்கானது. பல ஆய்வுகளில் சும்மா ஒட்டிய டேப்பும் ஏறக்குறைய அதே பலனைத் தந்திருக்கிறது.

வலி அடங்கியிருக்கும் அந்த நேரத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்துங்கள். முன்தொடைத் தசைக்கும் இடுப்பின் பக்கத் தசைக்கும் சேர்த்து வலுவூட்ட வேண்டும். தாழ்ந்த படியொன்றில் நின்று ஒற்றைக் காலை மெல்ல மடக்கி இறங்குங்கள். கண்ணாடியில் பாருங்கள், முழங்கால் உள்பக்கம் சாயக்கூடாது. பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். அதுவரை பாய்ந்து அடிப்பதைக் குறையுங்கள். டேப்பை நம்பி வலியோடு முழு ஆட்டமும் ஆடுவது எனக்குக் கவலை தரும் பழக்கம்.

மகள் பாடசாலையில் வலைப்பந்தாட்டம் ஆடுகிறாள். ஒரே கணுக்கால் இருமுறை சுளுக்கிவிட்டது. எந்த நிற டேப் வாங்கலாம்?
– வெள்ளவத்தைத் தாய்

நிறத்தால் பலன் மாறாது, அம்மா. சுளுக்கைத் தடுக்க இந்த டேப்பே போதாது. இழுபடும் துணி, கால் புரளும்போது அதோடு சேர்ந்து இழுபடும். மறுசுளுக்கைக் குறைப்பவை கணுக்கால் கவசமும், விளையாட்டு வீரர்கள் சுற்றும் இழுபடாத வெள்ளை டேப்பும்தான். கூடவே ஒற்றைக் காலில் சமநிலைப் பயிற்சி கட்டாயம்: பல் துலக்கும் நேரம் போதும், பழகியபின் தலையணைமேல் நின்று செய்யட்டும்.

மீண்டும் சுளுக்கினால் நான்கு அடி எடுத்துவைத்து நடக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டாலோ, கணுக்கால் எலும்பின் பின்விளிம்பை அழுத்தும்போது வலித்தாலோ, எக்ஸ்ரே எடுக்காமல் விடாதீர்கள்.

நம் ஊர் வியர்வையில் டேப் ஒரு மணி நேரத்தில் உரிந்துவிடுகிறது. அரிப்பும் எடுக்கிறது.
– தெஹிவளை வாசகர்

எண்ணெய் தடவிய தோலில் பசை பிடிக்காது. சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்துங்கள். டேப்பின் மூலைகளை வட்டமாக வெட்டி, இரு முனைகளையும் இழுக்காமல் ஒட்டி, உள்ளங்கையால் தேய்த்துச் சூடேற்றுங்கள். மைதானத்தில் வைத்து ஒட்டாமல், அரைமணி நேரத்துக்கு முன்பே ஒட்டிவிடுங்கள்.

அரிப்பெடுத்தால் அன்றே கழற்றுங்கள். வெடுக்கென்று பிடுங்காமல், தேங்காய் எண்ணெய் தடவிச் சற்றுப் பொறுத்து, தோலை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு மயிர் வளரும் திசையில் உரியுங்கள். கொப்புளம் போட்டிருந்தால் அந்தப் பசை உங்களுக்கு ஒவ்வாது. வேறு டேப் வாங்குமுன் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.