கெட்டிமேளமும் ஆறு வயதுப் பையனும்

கேள்வி: என் மகனுக்கு 6 வயது, ஆட்டிசம். போன மாதம் நாத்தனார் வீட்டுக் கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டியதும் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உருண்டு கத்தினான். 'ரெண்டு அறை விட்டு வளர்த்திருந்தா இப்படி ஆடுவானா' என்று என் காதுபடவே பேசினார்கள். இனி எந்த விசேஷத்துக்கும் அவன் வேண்டாம் என்கிறார் கணவர். பள்ளியிலும் டிசி வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். என் வளர்ப்புதான் தப்பா?

- ஓர் அம்மா, திருச்சி

பதில்: இல்லவே இல்லை. இந்தப் பழி உங்கள் சொந்தக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. அமெரிக்காவில் லியோ கானர் என்ற மனநல மருத்துவர் 1943-ல் ஆட்டிசம் பற்றி எழுதியதற்கு அப்புறம், பாசமில்லாத அம்மாக்களால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்று படித்த டாக்டர்களே பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள், 'ஃப்ரிட்ஜ் அம்மா' என்று பட்டப்பெயர் வேறு. 1964-ல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர், அவரும் ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அப்பாதான், இது மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்டது என்று எழுதிய பிறகுதான் அந்தப் பேச்சு ஆட்டம் கண்டது. அங்கே பாசம் குறைச்சல் என்றார்கள், இங்கே செல்லம் அதிகம் என்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் அடி அம்மாவுக்கு.

அடம்பிடிக்கிற பிள்ளை அழுதுகொண்டே ஓரக்கண்ணால் நம்மைப் பார்க்கும், கேட்டது கிடைத்தால் நிறுத்திவிடும். உங்கள் பையன் எதையுமே கேட்கவில்லையே! அபசகுனமான சத்தம் எதுவும் காதில் விழக்கூடாது என்றுதான் கெட்டிமேளமே கொட்டுகிறோம், அது அவன் காதில் நமக்கு விழுவதைப் போலப் பல மடங்காக விழுந்திருக்கிறது. அடித்தால் வலியும் சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

பள்ளி விஷயத்தில் தணிந்து போகாதீர்கள். 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியும் பாகுபாடு காட்டாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். டிசி என்றால் 'காரணத்தை எழுத்தில் கொடுங்கள்' என்று கேளுங்கள், பாதிப் பேர் அங்கேயே இறங்கி வருவார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை, அதாவது யுடிஐடி அட்டை, இன்னும் எடுக்கவில்லையா? மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

கணவரிடம் ஒன்று கேளுங்கள், பக்குவமாகத்தான்: அவர் காப்பாற்றப் பார்ப்பது பையனையா, தன் மானத்தையா? பையனுக்கே கூட்டம் பிடிக்கவில்லை என்றால் அது வேறு.

அடுத்த கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலமே, மண்டபம் காலியாக இருக்கும்போது கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டுங்கள். காதுக்குச் சத்தம் குறைக்கும் ஹெட்ஃபோன், வாசல் பக்கம் நாற்காலி. தாலி கட்டும் நேரம் நெருங்கினால் அப்பாவும் பையனும் வெளியே ஒரு நடை போய்விட்டு நேராகப் பந்திக்கு வரட்டும்.