தடைக்காலத்துக்குள் பல் கட்டி முடித்துவிடலாமா?

கேள்வி: டாக்டர், எனக்குப் பாம்பன். விசைப்படகில் போகிறேன், வயது 46. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றை மூன்று வருடத்துக்கு முன்னால் பிடுங்கியது, அப்படியே விட்டுவிட்டேன். இப்போது ஸ்க்ரூ வைத்துப் பல் கட்டச் சொல்கிறார்கள். மீன்பிடித் தடைக்காலம் முழுக்கக் கரையில்தான் இருப்பேன், அதற்குள் முடித்துவிடலாமா? பீடி உண்டு. சுகர் பார்த்ததில்லை.

பதில்: முழுசாக முடியாது. தடைக்காலம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள். கீழ்த்தாடை எலும்பு ஒரு ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ள ஏறக்குறைய மூன்று மாதம் கேட்கும், மேல்தாடை என்றால் நாலிலிருந்து ஆறு மாதம்கூட ஆகும், ஏனென்றால் அங்கே எலும்பு கொஞ்சம் மெத்தென்று இருக்கும். அவசரப்படுத்தினால் ஸ்க்ரூ ஆடும், ஆடினால் கழற்றிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

இந்தக் காத்திருப்பு எதற்கு என்று பலரும் கேட்கிறார்கள். இம்ப்ளான்ட் என்பது டைட்டானியத்தில் செய்த சின்ன ஸ்க்ரூ, பல்லின் வேர் இருந்த இடத்தில் எலும்புக்குள் இறக்குவது. இதில் பசையோ சிமென்டோ கிடையாது. எலும்பே வளர்ந்து வந்து அந்த உலோகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. 1950-களில் ஸ்வீடனில் பிரானமார்க் என்ற டாக்டர் முயல் எலும்புக்குள் ரத்த ஓட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்க டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தினார், ஆராய்ச்சி முடிந்து அதை எடுக்கப் பார்த்தால் வரவே இல்லை, எலும்போடு எலும்பாக ஆகியிருந்தது. 1965-ல் அவரே முதன்முதலாக ஒரு மனிதருக்கு இப்படிப் பல் வைத்தார். இன்றைக்கு நாங்கள் செய்வதும் அதே வேலைதான், கருவிகள் நன்றாகிவிட்டன, எலும்பு மட்டும் அதே வேகத்தில்தான் வளர்கிறது.

உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை அந்த மூன்று வருடம். பல் எடுத்த முதல் வருடத்திலேயே அந்த இடத்து எலும்பின் அகலம் பாதி வரைக்கும் குறைந்துபோகலாம். பக்கத்துப் பல் சாய்ந்திருக்கும், மேல்பல் கீழே இறங்கியிருக்கும். அதனால் முதலில் தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் எடுத்துவிடுங்கள், எலும்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது, கீழே ஓடும் நரம்பு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அதில் தெரியும். நரம்பில் பட்டால் உதடு மரத்துப் போகும், சிலருக்கு அது திரும்பாமலும் போகிறது, ஆகவே ஸ்கேன் செலவை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

அப்புறம் பீடி. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஸ்க்ரூ ஒட்டாமல் போகும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. வாயில் போயிலை அடக்குகிற பழக்கம் இருந்தால் ஈறும் சேர்ந்து கெடும். சுகரை இந்த வாரமே பாருங்கள், மூன்று மாதச் சராசரி சொல்லும் எச்பிஏ1சி டெஸ்ட்டாகக் கேளுங்கள். 7-ஐ ஒட்டி இருந்தால் தைரியமாக இறங்கலாம், 8-ஐத் தாண்டினால் நான் முதலில் சுகர் டாக்டரிடம்தான் அனுப்புவேன்.

எல்லாம் சரியாக இருந்தால் ஏப்ரல் கடைசியில் ஸ்க்ரூவை வைத்துவிடுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் தையல் பிரித்துவிடுவார்கள், கடல் திறக்கும்போது புண் ஆறியிருக்கும். ஆகஸ்ட் வாக்கில் கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து அளவு கொடுத்து மேலே கேப், அதாவது பல் வடிவ உறை, மாட்டிக்கொள்ளலாம். இல்லை, 61 நாளுக்குள் பல் வந்தே ஆக வேண்டும் என்றால் பிரிட்ஜ் இருக்கிறது, பக்கத்துப் பற்களைப் பிடிமானமாக வைத்து நடுவில் பல் கட்டுவது, இரண்டு மூன்று வாரத்தில் முடியும். ஆனால் பக்கத்தில் இருக்கும் இரண்டு நல்ல பல்லையும் அதற்காகச் சீவ வேண்டும், அதுதான் எனக்கு மனசு வராத இடம். அந்தப் பற்கள் ஏற்கெனவே கேப் போட்டவை என்றால் யோசிக்காமல் பிரிட்ஜுக்கே போங்கள்.

இன்னொன்று, உங்கள் பக்கத்து ஆட்கள் நைலான் நரம்பைப் பல்லாலேயே கடித்து அறுப்பதைப் பார்த்திருக்கிறேன். சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய சவ்வு உண்டு, அழுத்தம் அதிகமானால் அதுதான் நமக்கு உணர்த்தும். இம்ப்ளான்டுக்கு அது கிடையாது. கேப் உடைந்த பிறகுதான் தெரியும். நண்டு ஓட்டுக்கும் இதே பேச்சுதான்.

கேள்வி: கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். உம்மாவுக்கு 68 வயது, பல்லே இல்லை. கீழ் பல் செட் பேசும்போதே கழன்று வருகிறது. எலும்புத் தேய்மானத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி போடுகிறோம். துபாயில் இருக்கும் அண்ணன் மொத்தப் பல்லுக்கும் இம்ப்ளான்ட் வைத்துவிடலாம், பணம் அனுப்புகிறேன் என்கிறார்.

பதில்: அண்ணனிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். கீழ் செட் ஆடுவதுதான் தொல்லை என்றால் முன்பக்கம் இரண்டே இரண்டு ஸ்க்ரூ வைத்து, செட்டை அதன் மேல் பிரஸ் பட்டன் மாதிரி அழுத்தி மாட்டும்படி செய்யலாம். கழற்றிக் கழுவலாம், செலவும் பல மடங்கு குறையும். இந்த வயதில் உம்மாவே சுத்தம் செய்துகொள்ள முடிகிற ஏற்பாடுதான் நல்லது, ஏனென்றால் இம்ப்ளான்டில் சொத்தை விழாதே தவிர, சுற்றி இருக்கும் ஈறு அழுகி எலும்பு கரைந்தால் ஸ்க்ரூவும் போய்விடும்.

அந்த ஊசி விஷயத்தைப் பல் டாக்டரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அந்த மருந்து உள்ளவர்களுக்குத் தாடையில் அறுவை செய்தால் எலும்பு ஆறாமல் வெளியே தெரியும் ஆபத்து உண்டு. எலும்புத் தேய்மானத்துக்குப் போடும் அளவில் அது அபூர்வம், புற்றுநோய்க்குப் போடும் அளவில் அதிகம். அதற்காக நீங்களாக ஊசியை நிறுத்திவிட வேண்டாம், சில ஊசிகளைத் தள்ளிப்போட்டால் முதுகெலும்பு முறிகிற அளவுக்குப் போகும். எலும்பு டாக்டரும் பல் டாக்டரும் பேசி நாள் குறிக்கட்டும்.

பணம் கட்டும்போது, சொன்ன தொகையில் ஸ்கேன், ஸ்க்ரூ, மேல் பட்டன், செட் எல்லாம் அடக்கமா என்று எழுதி வாங்குங்கள். ஸ்க்ரூவுக்கு மட்டும் விலை சொல்லிவிட்டு மற்றதைப் பிறகு கேட்கிற இடங்கள் இருக்கின்றன. கம்பெனி பெயரும் லாட் எண்ணும் உள்ள ஸ்டிக்கரையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் திருப்புளி வேறு, நாளைக்கு உம்மா அண்ணன் வீட்டுக்குப் போன இடத்தில் பட்டன் தளர்ந்தால் அங்கிருக்கும் டாக்டருக்கு அந்த ஸ்டிக்கர் இல்லாமல் கையே ஓடாது.

கேள்வி: இம்ப்ளான்ட் வைத்தவர்கள் எம்ஆர்ஐ எடுக்கலாமா? — ஒரு வாசகி, தொண்டி

பதில்: எடுக்கலாம். டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது. வாய்ப் பக்கம் படம் கொஞ்சம் மங்கலாம், அவ்வளவுதான். கழற்றி மாட்டும் செட்டில் காந்தம் வைத்திருந்தால் மட்டும் ஸ்கேன் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.