தொற்றுநோய் பரவும் காலத்தில் ஐசியூக்கள் (தீவிர சிகிச்சைப் பிரிவுகள்) எப்படித் தாக்குப்பிடிக்கின்றன?

"வென்டிலேட்டர்கள் (செயற்கைச் சுவாசக் கருவிகள்) நிறைய வாங்கி வைத்தால் போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. இயந்திரத்தை வாங்கிவிடலாம், அதைக் கையாளத் தெரிந்த செவிலியரை ஒரு வாரத்தில் உருவாக்க முடியாது. பெரும்பாலும் முதலில் தட்டுப்பாடாவது ஆட்கள்தான்.

அதனால் நெருக்கடியில் அவசரமில்லாத அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைத்து, மயக்க மருத்துவர்களையும் அறுவை அரங்குகளில் உள்ள வென்டிலேட்டர்களையும் ஐசியூவுக்குக் கொண்டுவருவார்கள். அனுபவமுள்ள ஐசியூ செவிலியர் ஒருவர் மேற்பார்வையிட, மற்ற வார்டுச் செவிலியர்கள் அவருக்குக் கீழே வேலை செய்வார்கள். இப்படி வேலை செய்வதற்கான பயிற்சியை நோய் வருவதற்கு முன்பே கொடுத்திருக்க வேண்டும்.

1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது நடந்ததைப் பாருங்கள். சுவாசக் கருவிகள் போதவில்லை. பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, கையால் பையை அழுத்திக் காற்றுச் செலுத்தலாம் என்றார். மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் அழுத்தினார்கள். இறப்பு பெருமளவு குறைந்தது. இன்றைய ஐசியூவுக்கு வேர் இதுதான் என்பார்கள்.

அப்புறம் ஆக்சிஜன். இருப்பு இருந்தாலும், அதை வார்டுகளுக்குக் கொண்டுவரும் குழாய் தாங்க வேண்டுமே! மூக்கு வழியாக ஆக்சிஜனை அதிக வேகத்தில் செலுத்தும் கருவி ஒன்றே நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை இழுக்கும். பல கருவிகள் ஒரே நேரத்தில் ஓடினால் குழாயில் அழுத்தம் விழுந்து, வென்டிலேட்டர்களும் பாதிக்கப்படலாம். கட்டில்களைக் கூட்டுவதற்கு முன் பொறியாளரைக் கேட்பது அவசியம்.

இவ்வளவுக்கும் மேல் நிரம்பினால், இடமுள்ள வேறு மருத்துவமனைக்கு நோயாளிகளை மாற்ற வேண்டும். நிலை மோசமாகும்வரை காத்திராமல், பயணத்தைத் தாங்கும் நிலையில் இருக்கும்போதே அனுப்பிவிடுவது நல்லது.