இடக்கைக்காரர்களுக்கு மை பேனா: கேள்வி பதில்

நானும் இடக்கைக்காரன்தான். பல வருடங்களாக மை பேனாவில் எழுதுகிறேன். சுண்டுவிரல் ஓரத்தில் நீலக்கறையோடு திரிந்த காலத்தையும் தாண்டி வந்தாயிற்று. வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: இடது கையால் எழுதுகிறவர்களுக்கு மை பேனா ஒத்துவராது என்கிறார்களே, உண்மையா சார்?

பாதி உண்மை. வலக்கைக்காரர் நிப்பைக் காகிதத்தின்மேல் இழுத்துக்கொண்டு போகிறார், நாம் தள்ளிக்கொண்டு போகிறோம். தள்ளும்போது கூரான முனை காகித நாரில் குத்தும். அழுத்தினால் இன்னும் குத்தும். இது ஒரு தொல்லை. எழுதி முடித்த ஈர எழுத்தின்மேல் நம் கையே ஏறிப்போவது இன்னொன்று.

ஆனால் 'ண', 'ழ', 'ஞ' எழுதிப் பாருங்கள். சுழித்துச் சுழித்து நாலு திசையிலும் பேனா போகிறது. வலக்கைக்காரரும் பாதி நேரம் தள்ளித்தான் எழுதுகிறார். அவருக்கு எழுதுகிற பேனா நமக்கும் எழுதும், கொஞ்சம் பார்த்துப் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: எந்த கம்பெனி பேனா வாங்கலாம்?

அதற்கு முன் ஒரு வேலை. வழக்கம்போல நாலு வரி எழுதுங்கள். கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

கை வரிக்குக் கீழே இருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். ஈர மையில் கை படாது, ஏறக்குறைய எந்தப் பேனாவும் சரிப்படும். மணிக்கட்டை வளைத்து, வரிக்கு மேலிருந்து கொக்கி போட்டு எழுதுகிறவர் என்றால் கை முந்தின வரியின்மேல் இருக்கும். நிப் ஏறக்குறையத் தலைகீழ்த் திசையில் வரும் என்பதால் குத்தல் குறைவு, ஆனால் மேல் வரி காய்ந்திருக்க வேண்டும். வரிக்கு நேர் பக்கவாட்டில் கை வைக்கிறவர்கள் பாடுதான் திண்டாட்டம். எழுதிய அடுத்த நொடியே கை அதன்மேல் போகும். நான் அந்த ரகமாக இருந்தேன்.

இப்போது கீழிருந்து எழுதுகிறேன். பெரிய வித்தை இல்லை. தாளைக் கடிகார முள் சுற்றும் திசையில் சாய்த்து வைத்தேன், இடது மேல்மூலை உயர்ந்து நிற்கும்படி. முதல் சில வாரம் கையெழுத்து கோணலாகப் போனது, அப்புறம் பழகிவிட்டது. கொக்கிக் கை சௌகரியமாக இருக்கிறவர்கள் இதற்காக மாற வேண்டாம். கை வலிக்கிறது என்றால் மட்டும் முயன்று பாருங்கள்.

கம்பெனி எல்லாம் அதற்கப்புறம்தான்.

கேள்வி: நிப் எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும்? ஃபைன் வாங்கினேன், காகிதத்தைக் கீறுகிறது.

இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறோம். மெல்லிய நிப் மையைக் குறைவாக இறக்கும், சீக்கிரம் காயும். ஆனால் முனை சிறியது, தள்ளினால் கீறும். தடித்த நிப் வழுக்கிக்கொண்டு போகும், மையோ குளமாக நிற்கும். என் வாக்கு ஐரோப்பிய ஃபைனுக்கு, இல்லையென்றால் ஜப்பானிய மீடியத்துக்கு. ஜப்பானிய நிப்புகள் பொதுவாக ஒரு படி மெலிந்தவை. அவர்களுடைய ஃபைன் ஐரோப்பிய எக்ஸ்ட்ரா ஃபைனுக்குப் பக்கத்தில் வந்துவிடும். உங்களுடையது அப்படி ஒன்றா என்று பாருங்கள்.

வளைந்து கொடுக்கும் ஃப்ளெக்ஸ் நிப்பைத் தொடாதீர்கள். இழுக்கும்போது விரிவதற்காகச் செய்தது அது. தள்ளினால் நுனி காகிதத்தில் மாட்டி, மை தெறிக்கும்.

கேள்வி: இடக்கைக்கென்றே நிப் விற்கிறார்களாமே?

உண்டு. லாமி கம்பெனியில் 'எல்ஹெச்' (லெஃப்ட் ஹேண்ட், அதாவது இடக்கை) என்று பொறித்த நிப் இருக்கிறது. பெலிகனின் மாணவர் பேனாவான பெலிகானோவிலும் இடக்கை வகை வருகிறது. முனையைக் கூடுதலாக உருட்டித் தேய்த்திருப்பார்கள். தள்ளினாலும் குத்தாது. நல்ல சாமான்தான், ஆனால் கட்டாயம் இல்லை. வழவழப்பான சாதாரண மீடியம் நிப் அதே வேலையைச் செய்துவிடும். லாமியின் சஃபாரி பேனாவில் நிப்பை மட்டும் கழற்றி மாற்றலாம் என்பதால் முதலில் சாதாரண நிப்போடு தொடங்குங்கள், பிடிக்கவில்லையென்றால் மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை: 'லெஃப்ட் ஆப்லிக்' என்பது இடக்கை நிப் இல்லை. இடது பாதத்தின் விரல் வரிசைபோல முனையைச் சாய்வாக வெட்டியிருப்பதால் வந்த பெயர். பெயரைப் பார்த்து நானே ஒன்று வாங்கி ஏமாந்திருக்கிறேன்.

கேள்வி: என்ன செய்தாலும் மை இழுவிவிடுகிறது. பேனாவை மாற்றவா?

வேண்டாம், மையை மாற்றுங்கள். கையில் இருப்பது மினுமினுக்கும் ஷீன் மையாக இருந்தால் முதல் குற்றவாளி அதுதான். எழுதிச் சில நாள் கழித்துத் தொட்டாலும் விரலில் ஒட்டும். பெலிகன் 4001 வரிசை மைகள் சற்று வறண்டு இறங்குகிறவை, நமக்கு ஏற்றவை. வேகமாகக் காய்வதற்கென்றே நூட்லர்ஸ் என்ற மை கம்பெனியில் பெர்னான்கி என்று ஒரு மை உண்டு. அமெரிக்க மத்திய வங்கியின் முன்னாள் தலைவர் பெயர்! காய்வதற்குள் கை வைத்தாலும் பரவாயில்லை என்கிற அளவுக்குத் தாளில் ஊறிவிடும், ஆனால் மட்டமான தாளில் எழுத்து ஓரம் பிசிறடிக்கும்.

இந்தக் கவலை நமக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். 1931ல் பார்க்கர் கொண்டுவந்த குயிங்க் மையின் பெயரே 'குயிக்' (வேகம்), 'இங்க்' (மை) இரண்டையும் ஒட்டியதுதான்.

அடுத்தது தாள். மை பேனா ரசிகர்கள் கொண்டாடும் வழவழப்பான தாள்கள் நமக்கு எதிரி. மை உள்ளே இறங்காமல் மேலேயே நின்று மெதுவாகக் காயும். கொஞ்சம் உறிஞ்சுகிற சாதாரண நோட்டு போதும். மையை ஒற்றியெடுக்கும் பிளாட்டிங் பேப்பர் ஒரு துண்டைக் கைக்கு அடியில் வைத்து எழுதினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பழைய காலத்துச் சங்கதி என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

கேள்வி: என் எட்டு வயது மகளுக்கு இடக்கைப் பழக்கம். முதல் பேனா எப்படிப் பார்ப்பது?

பிடியைப் பாருங்கள். சில பேனாக்களில் விரல் வைக்கும் பள்ளம் வலக்கைக்கு மட்டும் வார்த்திருக்கும், குழந்தை அதில் விரலைத் திருகிக்கொண்டு பிடிக்கும். இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் முக்கோணப் பிடியோ, பெலிகானோ ஜூனியரின் இடக்கை வகையோ நல்லது. விரல் அழுத்திப் பிடிக்கிற வயது, அதனால் கெட்டியான எஃகு நிப் போதும். அப்புறம், தாளைச் சாய்த்து வைக்க இப்போதே பழக்குங்கள். நேராக வைக்கச் சொல்லி யாராவது அதட்டினால் தடுத்துவிடுங்கள்.

கேள்வி: கிளிக் செய்தால் நிப் வெளியே வருமே, பைலட் கேப்லெஸ், அது நமக்குச் சரிப்படுமா அண்ணா?

அதில் சட்டைப்பையில் மாட்டும் கிளிப் விரல் பிடிக்கும் இடத்திலேயே, நிப்புக்கு நேர் மேலே இருக்கிறது. பேனாவைத் திருப்பாமல் நேராகப் பிடிக்கிறவருக்குத் தொந்தரவு இல்லை. கொக்கிக் கைக்காரர்கள் பலர் பேனாவை உருட்டிப் பிடிப்பார்கள், அவர்களுக்கு விரலில் இடிக்கும். கையில் பிடித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள் தம்பி.

கேள்வி: ஒவ்வொரு வார்த்தையிலும் முதல் கோடு விழமாட்டேன் என்கிறது. நிப்பை நானே தேய்க்கலாமா?

பொறுங்கள். பேனாவை விரலில் லேசாக உருட்டி, நிப்பின் பிளவு உங்கள் மூக்கைப் பார்க்கிறதா என்று பாருங்கள். நம்மில் பலர் தெரியாமலே திருப்பிப் பிடிக்கிறோம். பிளவின் ஒரு பக்கம் மட்டும் தாளில் பட்டால் மை இறங்காது. அது சரியாக இருந்தும் கோடு விழவில்லையென்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிப் பாருங்கள். அப்படியும் நடக்கவில்லையென்றால் முனையை அளவுக்கு மீறி மெருகேற்றியிருப்பார்கள், பிளவின் வாய் உள்வாங்கி மை தாளைத் தொடாது. அதை நிப் சரிசெய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். தேய்த்துப் போன உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. ஒரு நல்ல நிப்பை நானே அப்படிக் கெடுத்து மேசை டிராயரில் போட்டு வைத்திருக்கிறேன்.